தேதி உள்ள தலபுராணம்

மொரீஷியஸில் தெற்குச் சுற்றுலா என்று வண்டி பேசினால் எல்லா ஓட்டுநர்களும் ஒரே வரிசையைத்தான் ஒப்பிக்கிறார்கள். காலையில் க்யூர்பிப் ஊரின் எரிமலை வாய். அடுத்து கங்கா தலாவ். அதன்பின் காட்டுப் பள்ளத்தாக்கைப் பார்க்கும் மேடை, ஷமரேல் அருவி, ஏழு நிற மண். மலையிறங்கும்போது லெ மோர்ன் மலையைப் பின்னால் வைத்து ஒரு படம். சாயங்காலம் ஐந்து மணிக்குள் விடுதி வாசலில் இறக்கிவிடுவார்கள். எரிமலை, சாமி, குரங்கு, மண், மலை எல்லாம் ஒரே பட்டியலில், ஒரே கட்டணத்தில். மத்தியானச் சாப்பாடு மட்டும் தனி.

இந்தப் பட்டியலைக் கேலி செய்வது எளிது. எனக்கென்னவோ அது பயன்பட்டது. இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டுத் தனித்தனியாகப் போயிருந்தால் எழாத ஒரு கேள்வி, எல்லாவற்றையும் ஒரே பகலில் அடுக்கிப் பார்த்ததால் எழுந்தது. பூர்வகுடி என்று ஒருவரும் இல்லாத மண்ணில் ஓர் இடம் எப்படிப் புனிதமாகிறது?

டச்சுக்காரர்கள் 1598இல் வந்திறங்கியபோது இந்தத் தீவில் மனிதர் யாரும் குடியிருக்கவில்லை. முன்னதாக வந்த மாலுமிகள் பார்த்துவிட்டுப் போனார்களே தவிர தங்கவில்லை. காட்டில் ஆவி இல்லை, மலைக்குப் பெயர் இல்லை, ஊற்றுக்குக் காவல் தெய்வம் இல்லை. நம் ஊர்க் கோயில்களில் தலபுராணம் கிருதயுகத்தில் தொடங்கும். இங்கே முதல் விளக்கை எந்த வருஷம் ஏற்றினார்கள் என்று குருக்களிடம் கேட்டால், கேட்டவனை ஏற இறங்கப் பார்ப்பார். மொரீஷியஸில் அந்தக் கேள்விக்குப் பதில் உண்டு. ஆண்டு உண்டு, ஊர் உண்டு, கனவு கண்டவரின் பெயர்கூட உண்டு.

அதற்கு முன் எரிமலை.

க்யூர்பிப் மேட்டுநிலத்து நகரம். கடற்கரையில் வியர்த்துக்கொண்டிருந்தவர்கள் இங்கே வந்ததும் ஸ்வெட்டர் தேடுகிறார்கள். த்ரூ ஓ செர்ஃப் என்ற எரிமலை வாய் கடல் மட்டத்திலிருந்து 605 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. விட்டம் 300 மீட்டருக்குச் சற்று மேல், ஆழம் ஏறத்தாழ 80 மீட்டர். விளிம்பைச் சுற்றித் தார்ச்சாலை. ஊர்க்காரர்கள் அதில் நடைப்பயிற்சி போகிறார்கள். உள்ளே சரிவெங்கும் மரங்கள், அடியில் சேறு மண்டிய குட்டை. நெருப்பைப் பார்க்கலாம் என்று வந்த குழந்தைகளுக்கு முகம் வாடிவிடுகிறது. ஓட்டுநர்கள் பத்து நிமிடத்துக்கு மேல் இங்கே ஒதுக்குவதில்லை, அது நியாயந்தான்.

பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத இந்தக் குழிக்குள் யோசிப்பதற்கு நிறைய இருக்கிறது. இந்தத் தீவைப் பெற்ற நெருப்பு அணைந்துவிடவில்லை. அது இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது. மேலே இருந்த தரைதான் நகர்ந்துவிட்டது. தென்மேற்கே சுமார் 200 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ரீயூனியன் தீவு இப்போது அந்த நெருப்பின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அங்குள்ள பித்தோன் தெ லா ஃபுர்னேஸ் இன்றும் அடிக்கடி லாவாவைக் கக்கும் எரிமலை. மொரீஷியஸ் கடலிலிருந்து தலைதூக்கி ஏறத்தாழ 80 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. அதற்கும் வெகுகாலம் முன்பு, சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், அதே நெருப்பின் மேல் இந்தியா இருந்தது. அப்போது பொங்கி வழிந்த குழம்பு அடுக்கடுக்காக உறைந்துதான் தக்காணத்தின் கரும்பாறை உண்டாயிற்று. இந்தியா வடக்கே நகர நகர லட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ் என்று கடலடியில் ஒரு நீண்ட தடம் விழுந்திருக்கிறது. ராஷ்டிரகூடர் காலத்துச் சிற்பிகள் எல்லோராவில் கைலாசநாதர் கோயிலைக் குடைந்தெடுத்தது அந்தப் பாறையில்தான். அதுவும் இங்கே கரும்புக் கூலிகளின் கையைக் காய்க்க வைத்த கல்லும் ஒரே அடுப்பில் வெந்தவை.

நெருப்பு உயிரோடிருக்கும் ரீயூனியனில் புனிதம் பிறக்கும் விதமே வேறு. 1977இல் அங்கே பித்தோன் செந்த் ரோஸ் என்ற கிழக்குக் கரை ஊருக்குள் லாவா இறங்கியது. வீடுகளை விழுங்கி வந்த குழம்பு, மாதா கோயிலின் வாசலுக்கு வந்து, இரண்டாகப் பிரிந்து, சுவரைச் சுற்றிக்கொண்டு உறைந்துவிட்டது. இன்று அந்தக் கோயிலுக்கு லாவா மாதாவின் பெயர். பயத்தில் பிறக்கும் பக்திக்கு இதைவிடத் துலக்கமான உதாரணம் வேண்டியதில்லை. மொரீஷியஸ்காரனுக்கு அந்தப் பயம் கிடையாது. அவனுடைய எரிமலை எப்போதோ அடங்கிவிட்டது. இங்கே பக்தி வேறெங்கிருந்தோ வந்தாக வேண்டும்.

இங்கே ஒரு சங்கடத்தையும் சொல்லிவிடுகிறேன். 2017இல் இந்தத் தீவின் பாறைகளில் 300 கோடி ஆண்டு பழைய ஸிர்கான் படிகங்கள் இருப்பதாக ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 80 லட்சம் வயதுள்ள தீவில் 300 கோடி வயதுள்ள துகள் எப்படி வந்தது? அடியில் பழைய கண்டம் ஒன்றின் துண்டு புதைந்துகிடக்கிறது, குழம்பு மேலே வரும்போது அதைச் சுரண்டிக்கொண்டு வந்திருக்கிறது என்றார்கள். அதற்கு மொரீஷியா என்று முன்பே பெயரும் வைத்திருந்தார்கள். நம்மவர்களுக்கு இது போதாதா? குமரிக்கண்டம் கிடைத்துவிட்டது என்று வாட்ஸப் குழுக்களில் கொண்டாட்டம். அந்தத் துண்டு சிதறிப் போனது டைனோசர் காலத்தில். அப்போது மனிதனும் இல்லை, தமிழும் இல்லை, தமிழ்ச்சங்கத்தில் தலைமை தாங்க ஆளும் இல்லை. தொன்மையைத் தேடுகிற வெறியில் கண்முன்னே இருக்கிற சரித்திரத்தை நாம் தவறவிடுகிறோம். இந்தத் தீவில் தமிழனுக்கு உண்மையான சரித்திரம் இருக்கிறது. கடலுக்கடியில் தேடவேண்டியதில்லை, சாலையோரத்திலேயே கிடக்கிறது.

க்யூர்பிப்பைத் தாண்டினால் கரும்பு. இரண்டு பக்கமும் கரும்புக்கு நடுவே, வீட்டுயரத்துக்கும் மேலே குவிந்துகிடக்கும் கற்குவியல்கள். கறுத்து, பாசி படிந்து, சிலவற்றின் மேல் செடி முளைத்து நிற்கும். சுற்றுலாப் பட்டியலில் இவை இல்லை. எந்த ஓட்டுநரும் தானாக வண்டியை நிறுத்துவதில்லை. எரிமலை கொட்டிய கல் தீவு முழுக்க நிரவிக் கிடந்தது. கரும்பு நட வேண்டுமென்றால் முதலில் அதைப் பொறுக்க வேண்டும். முதலில் அடிமைகள் பொறுக்கினார்கள், பின்னர் ஒப்பந்தக் கூலிகள். கையால் எடுத்து, கூடையில் சுமந்து, வயலின் நடுவே போட்டுப் போட்டு உயர்ந்தவை அந்தக் குவியல்கள்.

1834 நவம்பர் 2 அன்று அட்லஸ் என்ற கப்பல் கல்கத்தாவிலிருந்து 36 கூலிகளோடு போர்ட் லூயி துறைமுகத்துக்கு வந்தது. அடுத்த எழுபது எண்பது ஆண்டுகளில் ஏறத்தாழ நாலரை லட்சம் பேர் அதே வழியில் இறங்கினார்கள். பீகார்க்காரர்கள்தான் மிகுதி. சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்களும், பம்பாயில் ஏறியவர்களும் உண்டு. அவர்கள் இறங்கிய ஆப்ரவாசி காட் 2006இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. ஆள்பிடிக்க வந்தவர்கள் ஊரில் என்ன சொன்னார்கள் என்று அங்கே ஒரு வாய்மொழிக் கதை இருக்கிறது: மொரீஷியஸில் கல்லைப் புரட்டினால் அடியில் தங்கம். கல்லைப் புரட்டினார்கள். அந்தக் குவியல்களில் உள்ள ஒவ்வொரு கல்லும் அப்படிப் புரட்டப்பட்டதுதான்.

விமான நிலையத்துப் பக்கம் படிப்படியாக நேர்த்தியாக அடுக்கிய சில குவியல்கள் இருக்கின்றன. அவற்றைப் பழங்கால நாகரிகம் ஒன்றின் பிரமிடு என்று சிலர் எழுதுகிறார்கள். கூலிக்காரனுக்கு நேராக அடுக்கத் தெரியாது என்ற நினைப்பில்தான் இந்தச் சந்தேகமே பிறக்கிறது. புதுச்சேரிப் பக்கத்துக் கொத்தர்களையும் தச்சர்களையும் பிரெஞ்சுக்காரர்கள் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே கொண்டுவந்து போர்ட் லூயி நகரைக் கட்டினார்கள். கல்லடுக்கத் தெரிந்த கை இந்தத் தீவுக்குப் புதிதல்ல.

கங்கா தலாவுக்குப் போகும் சாலை அகலமானது. திருவிழாக் கூட்டத்தை மனத்தில் வைத்துப் போட்ட சாலை. பனி விலகும் இடைவெளியில் முதலில் தெரிவது ஏரி அல்ல, சிவன். 33 மீட்டர் உயரம், கையில் திரிசூலம், வெண்கலப் பூச்சு. 2007இல் நிறுவப்பட்ட மங்கள் மகாதேவ். குஜராத்தின் வதோதராவில் சுர்சாகர் ஏரியில் நிற்கும் சிவன் சிலையின் நகல் இது. எதிரே 2017இல் எழுந்த துர்க்கை. அவளுக்கும் 108 அடி. ஒருவர் மற்றவரைவிட ஓரங்குலம் தாழ்ந்துவிடக் கூடாது என்று கணக்குப் பார்த்துக் கட்டியிருக்கிறார்கள். சுற்றுலா வண்டிகள் சிலைக்குக் கீழேதான் நிற்கும். படம் எடுப்பவர் தரையில் மல்லாந்து படுத்தால்தான் சிவன் சட்டகத்துக்குள் அடங்குவார். பலர் அதோடு வண்டி ஏறிவிடுகிறார்கள்.

ஏரிக்கரைக்கு இன்னும் கொஞ்ச தூரம் போக வேண்டும். கடல் மட்டத்திலிருந்து 550 மீட்டருக்கு மேல், எரிமலை வாய்க்குள் தேங்கிய நீர். கரையில் சிமெண்டுப் படிகள், படிகளையொட்டிக் கோயில்கள். நீருக்குள் முழங்காலளவில் சில சிலைகள் நிற்கின்றன. படியோரம் ஒருவர் ஊதுபத்திக் கொத்தை வாழைப்பழத்தில் செருகி, வெற்றிலையில் கற்பூரம் வைத்துக் கொளுத்தினார். அவர் கண்ணை மூடிக் கும்பிட்ட நேரத்தில், ஊதுபத்தி புகைய புகையப் பழத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது ஒரு குரங்கு. ஊதுபத்தியை மட்டும் உருவித் தண்ணீரில் எறிந்துவிட்டு, தோலை உரித்தது. அவர் சிரித்தார், பையிலிருந்து அடுத்த பழத்தை எடுத்தார். இரண்டாவது பழம் கைவசம் இருந்ததைப் பார்த்தால் இது வழக்கமான கொடுக்கல் வாங்கல் என்று தெரிந்தது. அந்தக் குரங்கின் முன்னோரும் தென்கிழக்காசியாவிலிருந்து கப்பலில் வந்தவர்கள்தாம். நீரில் மீன்கள் பெருத்துக் கிடந்தன. விலாங்கு ஒன்று படிக்கட்டின் விரிசலிலிருந்து தலையை நீட்டி, பொரிக்காகக் காத்திருந்தது.

இந்த ஏரிக்கு முன்பு பரீ தலாவ் என்று பெயர்; தேவதைகள் இரவில் வந்து நீராடும் குளம் என்று தோட்டத்து ஆட்கள் பேசிக்கொள்வார்களாம். 1897இல் வடக்கே திரியோலே ஊரைச் சேர்ந்த ஜும்மோன் கிரி கோசாய்ன் நபால் என்ற பூசாரி ஒரு கனவு கண்டார். இந்த ஏரியின் நீர் கங்கையிலிருந்து ஊறி வருவதாகக் கனவு. மறு ஆண்டு, 1898இல், ஒரு சிறு கூட்டம் மகா சிவராத்திரிக்கு நீர் எடுக்கக் கிளம்பியது. தீவின் வடகோடியிலிருந்து தென்மேட்டுக்கு, காட்டுப்பாதையில், கால்நடையாக. தோட்டத்து முதலாளியிடம் விடுப்புக் கேட்டுக் கெஞ்சியோ கேட்காமலோ கிளம்பியிருப்பார்கள். இப்போது சிவராத்திரி அரசு விடுமுறை. 12 லட்சம் சொச்சம் பேர் வாழும் நாட்டில் சுமார் நான்கு லட்சம் பேர் இந்த ஏரிக்கு வருவதாகச் சொல்கிறார்கள். பெரும்பாலோர் வெள்ளையுடை உடுத்தி நடந்தே வருகிறார்கள். வழிநெடுக எல்லா மதத்தாரும் பந்தல் போட்டுத் தண்ணீரும் பழமும் கொடுக்கிறார்கள். 1972இல் கங்கோத்ரிப் பக்கமிருந்து பாத்திரத்தில் கங்கை நீரைக் கொண்டுவந்து இதில் கலந்தார்கள். கனவுக்குக் கையெழுத்துப் போட்டாயிற்று. கங்கா தலாவ் என்ற பெயர் நிலைத்தது.

நம்பிக்கையில்லாதவர்கள் இங்கே ஒரு புன்னகையோடு நகர்ந்துவிடுவார்கள். கனவு, கலப்பு, சிமெண்டு, எல்லாமே நேற்றைய சமாச்சாரம். எனக்கோ இந்த நேற்றுத்தன்மைதான் மதிப்பாகப் படுகிறது. இங்கே இன்னொரு கதையும் சொல்கிறார்கள். சிவனும் பார்வதியும் உலகைச் சுற்றி வந்தபோது இந்தத் தீவின் அழகைக் கண்டு இறங்கினார்கள். சடையிலிருந்த கங்கை சில துளி சிந்தி எரிமலை வாயில் விழுந்தாள். ஆள் அரவமற்ற இடத்தில் என்னை விட்டுவிட்டுப் போகிறாயே என்று கங்கை அழுதாள். கவலைப்படாதே, உன் கரையில் வாழும் சனங்கள் ஒருநாள் இங்கே வந்து குடியேறுவார்கள் என்று சிவன் சொன்னான்.

இந்தக் கதையைக் கட்டியவன் ஒரு கூலியாகத்தான் இருக்க வேண்டும். தீவில் ஆள் இல்லாததை அவன் மறைக்கவில்லை. கதையின் நடுவிலேயே வைத்துவிட்டான். வந்து சேர்ந்தது ஒப்பந்தத்தாலோ பசியாலோ அல்ல, கங்கைக்குச் சிவன் கொடுத்த வாக்கால் என்று தன் பயணத்துக்கே வேறு காரணம் எழுதிக்கொண்டான். அழுகிற கங்கை அவன்தான். எண்ணிலடங்காத தலபுராணங்கள் படித்திருக்கிறோம். அரசனின் பிரம்மஹத்தி தீர்ந்தது, இந்திரனின் சாபம் விலகியது என்று பெரிய இடத்துத் துக்கங்கள்தாம் அவற்றில் தீரும். ஊரைவிட்டு வந்தவனின் தனிமையைத் தெய்வத்தின் வாயில் போட்டுப் பேசவைத்த தலபுராணம் அரிது.

அதனால்தான் அந்த 108 அடிகளோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. 1898இல் நடந்து வந்தவர்கள் ஒரு சொம்பு நீரோடு திரும்பினார்கள். அதற்கு அளவு தேவைப்படவில்லை. சிலை வளர்ந்ததோடு தோளில் தூக்கிவரும் கான்வரும் வளர்ந்தது. மூங்கிலில் கட்டிய சின்னக் காவடி போய், தள்ளிக்கொண்டு வரவேண்டிய ரதமானது. 2024 சிவராத்திரி சமயத்தில் அப்படியொரு ரதம் மின்கம்பியில் உரசித் தீப்பிடித்துப் பக்தர்கள் சிலர் இறந்துபோனார்கள். பிழைத்து, படித்து, ஆட்சிக்கும் வந்த சமூகம் தன் வெற்றியை உயரத்தில் காட்ட ஆசைப்படுவது புரிகிறது. ஆனால் படியிலமர்ந்து பழைய மினரல் வாட்டர் புட்டியில் ஏரித் தண்ணீரை மொண்டு, மூடியை இறுக்கித் திருகி, பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்த கிழவியிடம்தான் அந்த 1898 மிஞ்சியிருக்கிறது. சிலையை அவர் திரும்பியும் பார்க்கவில்லை.

பிளாக் ரிவர் கோர்ஜஸ் தேசியப் பூங்கா 1994இல் உருவானது. 6,574 ஹெக்டேர். மேடையில் நின்று பார்த்தால் கடல்வரை ஒரே பச்சை. எவருக்கும் ஆதிவனம் என்றே தோன்றும். உண்மையில் தீவின் மூலக்காட்டில் நல்ல நிலையில் மிஞ்சியது நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. கண்ணில் படும் பச்சையில் பெரும்பங்கு வந்தேறிச் செடிகள். அதில் பெரிய போக்கிரி சீனக் கொய்யா. நெல்லிக்காய் அளவில் சிவந்த பழம். பூங்கா வாசலில் கூம்புப் பொட்டலத்தில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவி விற்கிறார்கள். புளிப்பும் இனிப்புமாக, நிறுத்த முடியவில்லை. ஊரே குடும்பத்தோடு காட்டுக்குள் பறிக்கப் போகும். அதே கொய்யாதான் முளைக்க முயலும் நாட்டுமரக் கன்றுகளைச் சூரியன் படாமல் மூடிக் கொல்கிறது. தின்னத் தின்னக் குற்றவுணர்வு வரவேண்டும், வரவில்லை.

டோடோ பறவையின் கதை எல்லோருக்கும் தெரிந்ததால் விடுகிறேன். மொரீஷியஸ் வல்லூறு என்ற சின்னப் பருந்தின் கதை அவ்வளவு பரவவில்லை. 1974இல் அறியப்பட்டவரை உலகத்தில் மிஞ்சியது நான்கே நான்கு. வேல்ஸ் நாட்டுக்காரர் கார்ல் ஜோன்ஸ் 1970களின் கடைசியில் இங்கே வந்தார். திட்டத்தை மூடிவிட்டு வா என்றுதான் அனுப்பினார்களாம். அவர் செங்குத்துப் பாறையில் ஏறிக் கூட்டிலிருந்து முட்டைகளை எடுத்துப் பொரிக்கவைத்தார். முட்டை போனதால் தாய்ப்பறவை மறுபடி இட்டது. இப்படி நூற்றுக்கணக்கில் பெருக்கினார். 2022இல் அது தேசியப் பறவையாயிற்று. இந்தத் தீவின் பூர்வகுடி யார் என்று கேட்டால் கைகாட்ட அந்தப் பறவை ஒன்றாவது இருக்கிறது.

ஷமரேல் அருவி சுமார் 100 மீட்டர். குற்றாலம் பார்த்த கண்ணுக்குத் தூரத்தில் நின்று அருவியைப் பார்ப்பது அருவியாகவே படாது. குளிக்க முடியாத அருவி என்ன அருவி.

ஏழு நிற மண் வேறு விஷயம். பசால்ட் பாறை வெயிலிலும் மழையிலும் மக்கி, சிலிக்கா கரைந்துபோய், இரும்பும் அலுமினியமும் கலந்த களிமண்ணாக எஞ்சியிருக்கிறது. இரும்பு மிகுந்த இடம் செங்காவி, பழுப்பு. அலுமினியம் மிகுந்த இடம் ஊதா, நீலச்சாயல். அலையலையான சிறு மேடுகள், ஒரு புல் இல்லை. ஏழுதானா என்று எண்ணிப் பார்த்தவர்கள் ஒத்துப்போவதில்லை. வெயில் சாய்ந்தால் கணக்கும் மாறுகிறது. சுற்றிலும் மரவேலி, கட்டணம் உண்டு. நுழைவுச்சீட்டுக்கு நீட்டிய ரூபாய்த்தாளில் தமிழில் தொகை எழுதியிருந்தது. 1998இல் புதுத்தாள்களில் தமிழை இந்திக்குக் கீழே தள்ளிவிட, தமிழர்கள் கிளர்ந்தெழுந்து அந்தத் தாள்களே திரும்பப் பெறப்பட்டன. அந்தப் போராட்டத்தில் இறங்கியவர்களில் பலருக்குத் தமிழ் படிக்க வராது. வேலிக்கு வெளியே கடையில் கண்ணாடிக் குழாயில் ஏழு நிற மண்ணை வரிவரியாக நிரப்பி விற்கிறார்கள். ஏரிக்கு வேலி இல்லை, சீட்டு இல்லை. மண்ணுக்கு இரண்டும் இருக்கின்றன. இந்த மண்ணிடம் யாரும் எதையும் வேண்டிக்கொண்டதில்லை என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

ஷமரேலிலிருந்து கொண்டைஊசி வளைவுகளில் இறங்கும்போது லெ மோர்ன். கடலுக்குள் நீட்டிய முனையில் 556 மீட்டர் உயரப் பாறை, மூன்று புறமும் செங்குத்து. அதன் காலடியில் விலையுயர்ந்த விடுதிகள். தோட்டங்களிலிருந்து தப்பிய அடிமைகள் அதன் உச்சியிலும் குகைகளிலும் ஒளிந்து வாழ்ந்தார்கள். மொசாம்பிக், மடகாஸ்கர் ஆட்கள் மிகுதி. இந்தியக் கரைகளிலிருந்து அடிமைகளாக விற்கப்பட்டு வந்தவர்களும் இந்தத் தீவில் இருந்தார்கள், சோழமண்டலக் கரை உட்பட. தமிழன் கொத்தனாக வந்தான், கூலியாக வந்தான் என்று பெருமையோ வருத்தமோ படுகிற நாம், அடிமையாகவும் வந்தான் என்பதைப் பேசுவதில்லை.

1835 பிப்ரவரி 1 அன்று அடிமை முறை ஒழிந்தது. செய்தியைச் சொல்ல ஒரு போலீஸ் படை மலையடிக்கு வந்ததாம். பிடிக்கத்தான் வருகிறார்கள் என்று நினைத்து, மேலே இருந்தவர்கள் பாறையிலிருந்து குதித்துவிட்டார்களாம். இதற்கு எழுத்து ஆதாரம் எதுவும் கிடைத்ததில்லை. கிரியோல் மக்களின் பாட்டிலும் பேச்சிலும்தான் அது வாழ்கிறது. 2008இல் யுனெஸ்கோ இந்த மலையைப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றபோது அந்த வாய்மொழியையே முக்கியச் சான்றாக எடுத்துக்கொண்டது. ஆண்டுதோறும் பிப்ரவரி 1 விடுமுறை. மக்கள் மலையடியில் கூடுகிறார்கள்.

ஏரியின் புனிதத்துக்குத் தேதி, பெயர், சாட்சி எல்லாம் உண்டு. மலைக்கு நாள் மட்டும் இருக்கிறது, சாட்சி இல்லை. குதித்தவர்களில் ஒருவர் பெயரும் தெரியாது. கூலியின் பெயரைக் கப்பல் பதிவேட்டில் எண்ணோடு எழுதினார்கள், பிறகு புகைப்படமும் எடுத்தார்கள். அடிமையை முதலாளியின் சொத்துக் கணக்கில் எழுதினார்கள். ஊரும் குலமும் குலசாமியும் தெரிந்தவன் ஒரு குளத்தைக் கங்கையாக்கிவிட முடிந்தது. எல்லாம் பறிக்கப்பட்டவனுக்கு இருந்த மலையை அப்படியே வைத்துக்கொள்ளத்தான் முடிந்தது. லெ மோர்னின் மேல் சிலை எதுவும் நிற்கவில்லை, உச்சியில் ஒரு சிலுவையைத் தவிர. என்னைக் கேட்டால் இந்தத் தீவின் மிகப் பெரிய கோயில் அதுதான் என்பேன்.

எங்கள் ஓட்டுநர் தமிழர். பெயரைக் கேட்டால் மாயவரத்துக்காரர் என்று தோன்றும். பேச்சு முழுக்கக் கிரியோல், எங்களோடு உடைந்த ஆங்கிலம். நீங்கள் இந்துவா என்று உடன் வந்தவர் கேட்டதற்கு, இல்லை, நான் தமிழ் என்றார். அங்கே மக்கள்தொகைக் கணக்கில் மதம் என்ற இடத்தில் தமிழ் என்று தனியாகவே எழுதிக்கொள்கிறார்கள். தைப்பூசத்துக்குப் பத்து நாள் விரதமிருந்து காவடி எடுப்பவர். நாக்கில் வேல் குத்திய தழும்பைக் காட்டினார். பேரனுக்கும் தமிழ் சொல்லித்தர ஆளில்லை என்றார், அதைப் பெரிய குறையாகச் சொல்லவில்லை. அவர் காவடி கொண்டுபோகும் கோயில் காத்ர் போர்ன் ஊரில், கோர் தெ கார்ட் மலைச்சரிவில் இருக்கிறது. குன்று கண்ட இடத்தில் குமரனை ஏற்றிவைத்துவிடும் வழக்கத்தை நம் ஆட்கள் கப்பலேறியும் விடவில்லை. அதுவும் எரிமலையின் மிச்சமான பாறைதான். விடுதிக்குத் திரும்பும் சாலையிலிருந்தே மலை தெரிகிறது. ஆனால் பட்டியலில் இல்லை. ஏன் இல்லை என்று கேட்டதற்கு, டூரிஸ்டுகள் யாரும் கேட்டதில்லை என்றார்.

தமிழ்நாட்டிலிருந்து மொரீஷியஸுக்குத் தேனிலவுக்கும் குடும்பத்தோடும் போகிறவர்கள் இப்போது கணிசம். போகிறவர்கள் வண்டி பேசும்போதே இரண்டு நிறுத்தம் கூடுதலாகக் கேளுங்கள். ஒன்று கோர் தெ கார்ட் முருகன் கோயில். இன்னொன்று கரும்புக் காட்டில் ஏதாவது ஒரு கற்குவியல். எந்தக் குவியல் என்றாலும் சரி. இரண்டுக்கும் சேர்த்து ஒரு மணி நேரம் ஆகும். நேரம் போதாது என்று ஓட்டுநர் சொன்னால் ஏழு நிற மண்ணை விட்டுவிடுங்கள்.